யங் டியர் யார் வீட்டுப் பிள்ளை?

கேள்வி கேட்டவர் இரண்டே வரியில் முடித்துவிட்டார்: "அமெரிக்காவின் முதல் செவ்விந்தியத் திரைப்பட இயக்குநர் என்று சொல்லப்படும் ஜேம்ஸ் யங் டியர் செவ்விந்தியரே இல்லையாமே? கறுப்பினக் குடும்பத்தில் பிறந்து வேஷம் போட்டவர் என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். நிஜமா?" மேலே தெரிவது ஒரு கேள்விதான். உள்ளே இரண்டு இருக்கின்றன. அவர் எந்தக் குடும்பத்துப் பிள்ளை என்பது ஒன்று. தன்னைப் பற்றி அவர் பொய் சொன்னாரா என்பது இன்னொன்று. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் அந்தக் காணொளி மாதிரியான முடிவுகள் வருகின்றன.

கல்லூரியில் பத்தொன்பது வருடம் திரைப்பட வரலாறு பாடம் எடுத்தவன் நான். மௌனப்பட காலத்து வெஸ்டர்ன்கள், அதாவது கௌபாய்-செவ்விந்தியப் படங்கள், என்றால் பைத்தியம். ஆனால் பிறப்புப் பதிவேடுகளையும் குடிமதிப்பு (மக்கள்தொகைக் கணக்கெடுப்பு) தாள்களையும் தோண்டுகிற வேலை என்னுடையது அல்ல. அதைச் செய்தவர்கள், முக்கியமாக ஏஞ்சலா அலீஸ் என்ற ஆய்வாளர், வெளியே கொண்டுவந்ததை வைத்துத்தான் பேசுகிறேன். இன்னொன்றையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பல வருடம் நான் கரும்பலகையில் எழுதிப் போட்டது, 'யங் டியர், பிறப்பு நெப்ராஸ்கா மாநிலம் டகோட்டா சிட்டி, வின்னபேகோ இனம்' என்றுதான். கையில் இருந்த நூல்களில் அப்படித்தான் இருந்தது. அந்த வரியில் ஊரும் தவறு, இனமும் தவறு. அன்றைக்கு அதைக் குறிப்பெடுத்த யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து அடித்துவிட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

சரி, சந்தேகமில்லாததில் தொடங்குவோம். அவர் பிறந்தது 1878இல், தலைநகர் வாஷிங்டனில். வைத்த பெயர் ஜேம்ஸ் யங் ஜான்சன். அப்பா ஜார்ஜ் டர்ஹம் ஜான்சன், அம்மா எம்மா மார்கரெட் யங். திரையில் நாம் பார்க்கும் 'யங் டியர்' என்ற பெயரில் 'இளைய மான்' என்று ஒரு காட்டு வாசனை அடிக்கிறது, இல்லையா? அந்த 'யங்' அம்மா வீட்டுக் குடும்பப் பெயர். மானை மட்டும் பிற்பாடு சேர்த்துக்கொண்டிருக்கிறார் என்பது என் ஊகம். ஸ்பெயினுடன் 1898இல் போர் மூண்ட காலத்தில் அவர் அமெரிக்கக் கடற்படையில் இருந்தார். 1906 ஏப்ரல் 9 அன்று, அதே வாஷிங்டனில், லிலியன் செயின்ட் சிர் என்ற பெண்ணை மணந்தார். சினிமாவில் ரெட் விங் என்று பெயர் எடுத்தவர் இவர்தான். நெப்ராஸ்காவில் வின்னபேகோ மக்களுக்கென்று அரசு ஒதுக்கிய நிலப்பகுதியில் பிறந்தவர். பென்சில்வேனியாவில் பூர்வகுடிப் பிள்ளைகளை 'நாகரிகப்படுத்த' என்று நடத்தப்பட்ட கார்லைல் உறைவிடப் பள்ளியில் 1902இல் படிப்பை முடித்தவர். அசல் வின்னபேகோ என்றால் இவர். அவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்வது ஹோ-சங்க் என்று. வின்னபேகோ என்பது அக்கம்பக்கத்தார் வைத்த பெயர். ஆக, யங் டியருக்கு நெப்ராஸ்காவும் வின்னபேகோவும் மாமனார் வீட்டிலிருந்து வந்த சீர்.

அப்படியானால் அவர் சொந்த வீடு எது? இங்கேதான் காணொளிக்காரர்கள் அவசரப்படுகிறார்கள். ஜான்சன் குடும்பத்தின் வேர் டெலவேர் மாநிலத்தில் இருக்கிறது. அங்கே பல தலைமுறையாக ஒரு சமூகம் உண்டு. வெள்ளையர், கறுப்பர், பூர்வகுடியினர் மூன்று ரத்தமும் கலந்தவர்கள். தங்களுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள். வெளியாட்கள் அவர்களை 'டெலவேர் மூர்கள்' என்று கூப்பிட்டார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் தாங்கள் நாண்டிகோக் வழி என்று சொல்லிவந்தார்கள். நாண்டிகோக் என்றால் ஓதம் ஏறி இறங்கும் நீர்க்கரையில் வாழ்கிறவர்கள் என்று அர்த்தம். செசபீக் விரிகுடாவின் கிழக்குக் கரையில் 1608இல் ஆங்கிலேயக் கேப்டன் ஜான் ஸ்மித் கண்டு எழுதிய மக்கள். மீன், சிப்பி, சோளம் என்று பிழைத்தவர்கள். குடியேறிகளின் நெருக்கடி தாங்காமல் பெரும்பகுதியினர் பதினெட்டாம் நூற்றாண்டில் வடக்கே போய்விட, போகாமல் தங்கியவர்கள் அங்கேயே கலந்து கரைந்தார்கள்.

இந்தச் சமூகத்தை அரசாங்கத் தாள் எப்படிப் பார்த்தது என்பதற்கு ஒரு வழக்கைச் சொல்கிறேன். யங் டியர் பிறப்பதற்கு 23 வருடம் முன்னால், 1855இல், டெலவேரின் சசெக்ஸ் வட்டாரத்தில் லெவின் சாக்கம் என்ற வசதியான கடைக்காரர் ஐசக் ஹார்மன் என்பவருக்குக் கொஞ்சம் வெடிமருந்தும் ஈயக் குண்டும் விற்றார். கறுப்பருக்கோ கலப்பினத்தவருக்கோ அவற்றை விற்கக் கூடாது என்று சட்டம். விற்றதை யாரும் மறுக்கவில்லை. ஐசக் யார் என்பதுதான் வழக்கு. அரசுத் தரப்பில் வாதாடியவர் ஜார்ஜ் ஃபிஷர். நாற்பது வருடம் கழித்து அதைப் பற்றி எழுதியபோது, வழக்கில் சம்பந்தப்பட்ட ஆண்கள் எல்லோரிலும் வெளுத்த மேனி ஐசக்குக்குத்தான் என்று அவரே ஒப்புக்கொண்டார். அப்புறம் எப்படி ஜெயித்தார்? லிடியா கிளார்க் என்ற வயதான உறவுக்காரப் பெண்மணியைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார். ஒரு அயர்லாந்துப் பெண் தன் ஆப்பிரிக்க அடிமையை மணந்ததையும், அவர்கள் பிள்ளைகள் நாண்டிகோக்குகளோடு கலந்ததையும் குடும்பக் கதையாக அவர் சொன்னார். அது போதுமாக இருந்தது. கடைக்காரருக்கு 20 டாலர் அபராதம். வேடிக்கை என்னவென்றால், இந்த லிடியா கிளார்க்கைத்தான் பின்னாளில் நாண்டிகோக் மொழி பேசிய கடைசி ஆள் என்று கொண்டாடி, 1927இல் நினைவுக்கல் நாட்டினார்கள். ஒரே பெண்மணியின் வாய்ச்சொல், நீதிமன்றத்தில் ஒரு குடும்பத்தைக் கறுப்பராக்கியது; ஊரார் நினைவில் அவரே பூர்வகுடியின் கடைசிக் குரல்.

அந்தக் காலத்துக் குடிமதிப்பிலும் கதை இதேதான். இன்று நம்மிடம் கேட்டு எழுதுவது மாதிரி அன்று கேட்டு எழுதவில்லை. எடுப்பவர் வாசலில் நின்று முகத்தைப் பார்த்து, அவருக்குத் தோன்றிய எழுத்தைப் போட்டுவிட்டுப் போவார். டெலவேர் சமூகத்துக்கு அநேகமாக விழுந்தது 'கலப்பினம்' அல்லது 'கறுப்பர்'. அதனால், 'அரசுப் பதிவில் கறுப்பர் என்று இருக்கிறது, ஆகவே செவ்விந்தியர் இல்லை' என்ற வாதத்தை நான் ஏற்பதில்லை. அந்தப் பதிவு சொல்வது எழுதியவரின் கண்ணை. அதேபோல் மறுபக்கமும் பொறுப்பாக இருக்க வேண்டும்: யங் டியருக்கு ஆப்பிரிக்க மூதாதையர் இருந்திருக்கலாம், அந்தச் சமூகத்தில் பிறந்தவர் என்றால் இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம். ஒன்று இருந்தால் இன்னொன்று இல்லாமல் போய்விடாது. கறுப்பரா, செவ்விந்தியரா, ஒன்றைச் சொல் என்று கேட்பதே ஃபிஷர் வக்கீலின் கேள்வி.

இப்போது பொய்க்கு வருவோம். அவர் வின்னபேகோ அல்ல. அப்படிச் சொன்னது பொய். அன்றைய சினிமா வார இதழான 'மூவிங் பிக்சர் வேர்ல்ட்' அவரை வின்னபேகோ என்றே அறிமுகப்படுத்தியது, அவர் திருத்தவில்லை. ஏன் என்று யோசித்தால் வியாபாரம் புரியும். 1909, 1910 வாக்கில் வெஸ்டர்ன் படங்களுக்கு அடங்காத கிராக்கி. ஊர் ஊராகப் போன பஃபலோ பில்லின் காட்சிகளைப் பார்த்து வளர்ந்த கூட்டத்துக்குச் செவ்விந்தியர் என்றால் சமவெளிக்காரர்: குதிரை, இறகுத் தலைக்கட்டு, தோல் கூடாரம். முத்து காமிக்ஸும் லயன் காமிக்ஸும் படித்து வளர்ந்த நமக்கும் மனதில் இருப்பது அதே படம்தானே. கிழக்குக் கடலோரத்தில் சிப்பி அள்ளும் நாண்டிகோக்கை எந்தச் சுவரொட்டியில் போடுவது? இனத்தை மாற்றிச் சொன்னவர் அவரா, கம்பெனியின் விளம்பரப் பிரிவா என்பது அடுத்த பேச்சு. லாபம் இரண்டு தரப்புக்கும்.

இந்த இடத்தில் இன்னும் இரண்டு பேரை நினைத்துக்கொண்டால் தராசு சரியாக நிற்கும். 1930இல் வந்த 'தி சைலண்ட் எனிமி' படத்தில் நடித்த சீஃப் பஃபலோ சைல்ட் லாங் லான்ஸ், வட கரோலினாவில் கறுப்பர் என்று எழுதப்பட்ட ஒரு கலப்பினக் குடும்பத்தின் பிள்ளை. இயற்பெயர் சில்வெஸ்டர் லாங். தன்னை பிளாக்ஃபுட் என்ற சமவெளி இனத்தின் தலைவன் என்று சொல்லிக்கொண்டு, புழுகி, புகழடைந்து, உண்மை கசியத் தொடங்கியதும் 1932இல் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானார். இன்னொருவர் அயர்ன் ஐஸ் கோடி, செவ்விந்தியர் என்று சொல்லிக்கொண்டே நடித்தவர். பெற்றோர் இருவருமே இத்தாலியர். இவர்களோடு யங் டியரையும் ஒரே மூட்டையில் கட்டுகிறார்கள். கோடியின் பொய் அடியிலிருந்து நுனிவரை பொய். யங் டியர் செய்தது, சொந்த வீட்டின் பெயரை மறைத்து மாமனார் வீட்டின் பெயரைச் சொன்னது. யங் டியரோடு ஒப்பிட வேண்டியவர் சில்வெஸ்டர் லாங்தான் என்று எனக்குத் தோன்றுகிறது: இரண்டு பேரையும் பிறந்த ஊர் 'கறுப்பர்' என்ற கட்டத்தில் அடைத்தது, இரண்டு பேரும் சமவெளி இறகை அணிந்துகொண்டு வெளியே வந்தார்கள்.

சினிமாவில் அவர் நடந்த பாதை வேகமானது. 1909இல் இயக்குநர் டி. டபிள்யூ. கிரிஃபித்தின் 'தி மெண்டட் லூட்' என்ற படத்துக்குக் கணவனும் மனைவியும் ஆலோசனை சொன்னார்கள். அதில் நடித்தும் இருக்கிறார்கள். அந்த வருடக் கடைசியில் 'பைசன்' என்ற பெயரில் படங்களை வெளியிட்ட கம்பெனி வெயில் தேடி லாஸ் ஏஞ்சலஸுக்குக் கிளம்பியபோது, ரயில் ஏறிய சின்னக் குழுவில் இவர்கள் இருவரும் உண்டு. அப்புறம் பிரான்சின் பாத்தே கம்பெனி. பாத்தே அதுவரை அமெரிக்க வெஸ்டர்னைப் பிரான்சிலேயே எடுத்து அனுப்பிக்கொண்டிருந்தது. அமெரிக்கப் பத்திரிகைகள் அதைக் கிண்டலடித்தன. எனவே நியூ ஜெர்சியில் ஒரு ஸ்டூடியோ போட்டு, 'அசல்' ஆளாக யங் டியரை வேலைக்கு எடுத்தார்கள். நன்றாகப் போனதும், லாஸ் ஏஞ்சலஸின் எடண்டேல் பகுதியில் பாத்தேயின் மேற்குக் கரைக் கிளையையே அவர் கையில் கொடுத்தார்கள். 1911இல் பூர்வகுடிப் பிரதிநிதிகள் வாஷிங்டனுக்கே போய், சினிமா தங்களைக் கேவலமாகக் காட்டுகிறது என்று அதிபர் டாஃப்டிடம் முறையிட்ட காலத்தில், ஒரு ஸ்டூடியோவை நடத்திய பூர்வகுடி வழியினர் ஒருவர் இருந்தார் என்பதை நினைத்துப் பாருங்கள்.

அவர் படத்தில் அது தெரிகிறதா? தெரிகிறது. 'ஒயிட் ஃபான்ஸ் டிவோஷன்', 1910 ஜூனில் வந்தது, பதினோரு நிமிடம். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2008இல் பாதுகாக்க வேண்டிய தேசியப் படங்களில் ஒன்றாகச் சேர்த்தது. கதை இதுதான். டகோட்டாவில் குடியேறிய ஒரு வெள்ளைக்காரனுக்கு, ஊரில் சொத்து வந்திருக்கிறது என்று தகவல் வருகிறது. போனால் திரும்ப மாட்டான் என்று பயந்து, செவ்விந்திய மனைவி கத்தியால் தன்னைக் குத்திக்கொள்கிறாள். ஓடிவந்து கத்தியை எடுக்கிறவனைக் குழந்தை பார்த்துவிடுகிறது. அப்பாதான் அம்மாவைக் கொன்றார் என்று உறவுக்காரர்களிடம் போய்ச் சொல்கிறது. துரத்துகிறார்கள், பிடிக்கிறார்கள், கொல்லப் போகிற நேரத்தில் மனைவி எழுந்து வந்து நிற்கிறாள். சாகவில்லை.

இது சின்ன விஷயம் இல்லை. அப்போது மேடையில் ஓடிக்கொண்டிருந்த 'தி ஸ்குவா மேன்' என்ற நாடகம் 1905இலிருந்து பிரபலம். அதிலும் வெள்ளைக்காரக் கணவன், அதிலும் கடல் கடந்து சொத்துச் செய்தி, அதிலும் செவ்விந்திய மனைவி. அவள் தற்கொலை செய்துகொண்டு வழிவிடுகிறாள். வழிவிட்டுச் சாவதுதான் அந்தக் கதைகளில் அவளுக்கு ஒதுக்கப்பட்ட வேலை. யங் டியர் அதே கதையை எடுத்து, அவளைச் சாகவிடாமல் குடும்பத்தைச் சேர்த்து வைக்கிறார். கலப்புக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர் இப்படி எடுத்ததில் எனக்கு ஆச்சரியமில்லை. ஆனால் இதை ஆதாரம் என்று சொல்ல மாட்டேன். படம் பார்க்கிறவனின் வாசிப்பு, அவ்வளவுதான். இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. 'தி ஸ்குவா மேன்' 1914இல் படமானபோது, செசில் பி. டெமிலும் ஆஸ்கர் ஆப்ஃபலும் சேர்ந்து இயக்க, அந்தச் சாகிற மனைவியாக நடித்தவர் ரெட் விங்.

'முதல்' பட்டத்தைப் பற்றிக் கேட்டால், இதுவரை தெரிந்தவரையில் முதல் என்று சொல்வதே நேர்மை. அன்றைய படங்களில் இயக்குநர் பெயர் போடும் பழக்கமே இல்லை. பாத்தே படத்தில் நிச்சயமாக இருப்பது கம்பெனியின் சேவல் முத்திரை. திருட்டுப் பிரதி எடுப்பதைத் தடுக்க, செட்டின் சுவரிலேயே அதை ஒட்டி வைப்பார்கள். சேவல் இருக்கும், எடுத்தவர் பெயர் இருக்காது. எனவே அவர் 150 படம் எடுத்தார் என்று எங்காவது படித்தால் அதைத் தோராயம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். மிஞ்சியவை விரல் விட்டு எண்ணக்கூடியவை. 1912 முதல் 1929 வரை அமெரிக்காவில் வந்த முழுநீள மௌனப் படங்கள் 10,919; அவற்றில் முதலில் வந்த வடிவிலேயே முழுமையாகக் கிடைப்பது 14 சதவீதம் என்று நாடாளுமன்ற நூலகம் கணக்கெடுத்திருக்கிறது. எளிதில் தீப்பற்றுகிற நைட்ரேட் சுருளில் இருந்த குறும்படங்களின் கதி அதைவிட நன்றாக இருக்க நியாயமில்லை. அவரை ஒதுக்கிவிட்டு அடுத்தவர் யார் என்று பார்த்தால் எட்வின் கேரூ வருகிறார். டெக்ஸாஸில் பிறந்த சிக்கசா இனத்தவர், இயற்பெயர் ஜே ஃபாக்ஸ். அவர் இயக்கத் தொடங்கியது 1914 வாக்கில்தான். யங் டியர் நாண்டிகோக் வழி என்பதை ஏற்றால் பட்டம் யங் டியருக்கு. ஏற்காதவர்கள் அதை கேரூவிடம் கொடுக்க வேண்டும். நான் ஏற்கிறேன்.

பின்பாதி வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1913இல் லாஸ் ஏஞ்சலஸில் கிளம்பிய ஒரு ஒழுக்கக்கேட்டு விவகாரத்தில் அவர் பெயரும் அடிபட்டது. அவர் இங்கிலாந்துக்குப் போய்விட்டார். அங்கே சில குற்றக் கதைப் படங்களை எடுத்தார். பத்திரிகையில் பெயர் வந்ததை வைத்தே தீர்ப்பு எழுதும் பழக்கம் அன்றும் உண்டு, அதில் நான் சேரவில்லை. அதற்குப் பிறகு பழைய இடம் அவருக்குத் திரும்பக் கிடைக்கவே இல்லை. வெஸ்டர்ன்களும் அதற்குள் பெரிய கம்பெனிகள், பெரிய குதிரைப் படை என்று மாறிவிட்டன. தாமஸ் இன்ஸ் போன்ற தயாரிப்பாளர்கள் ஒரு சர்க்கஸ் கூட்டத்தையே குத்தகைக்கு எடுத்துப் படம் பிடிக்கிற காலம் அது. யங் டியர் 1946 ஏப்ரலில் நியூயார்க்கில் இறந்தார். படைவீரர்களுக்கான லாங் ஐலண்ட் தேசிய இடுகாட்டில் புதைக்கப்பட்டார். அவருக்கு அந்த இடத்தை வாங்கிக் கொடுத்தது சினிமா அல்ல, சின்ன வயதில் செய்த கடற்படை வேலை. ரெட் விங் அவருக்குப் பின் நெடுங்காலம் இருந்து, அதே நியூயார்க்கில் 1974இல் காலமானார்.

கடைசியாக, கேட்டவருக்கு ஒரு வேலை. 'ஒயிட் ஃபான்ஸ் டிவோஷன்' இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. பாருங்கள், ஆனால் நடிகர்களை விட்டுவிட்டுப் பின்னால் இருக்கும் மண்ணைப் பாருங்கள். டகோட்டா என்று எழுதிக் காட்டுகிறார்கள். தெரிவது நியூ ஜெர்சி. அவர் குடும்பம் வந்த டெலவேரிலிருந்து ஒரு ஆறு தாண்டினால் வரும் மண்.